குழாய் பொய் சொல்லாது

பிளம்பரும் அவன் மாப்பிள்ளையும் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தெருவெல்லாம் சுள்ளென்று வெயில். வாசற்படியைத் தாண்டி உள்ளே கால் வைத்தார்களோ இல்லையோ, வெயில் என்ற ஒன்றே ஊரில் இல்லாததுபோல் ஆகிவிட்டது. உயரமான கூரை, தடித்த சுவர், பகலிலும் விளக்குப் போட வேண்டிய நடை. ஈரச் சாக்கை மடித்து அலமாரிக்குள் வைத்து மறந்துவிட்ட மாதிரி ஒரு வாசனை. உள்ளறை ஒன்றில் ரேடியோ காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது.

"வீட்டுல எல்லாரும் செவிடா மச்சான்?"

"வாயை மூடிட்டு வா. வந்தமா, வேலையைப் பாத்தமா, போனமான்னு இருக்கணும்."

மாப்பிள்ளை என்றால் தங்கையின் புருஷன். ஆள் ஒல்லி, ஊரில் அவனுக்கு ஊசி என்றுதான் பேர். எந்த ஓட்டைக்குள்ளும் நுழைந்துவிடுவான் என்பதால் தொழிலில் அவனுக்கு நல்ல கிராக்கி. "உனக்குப் பொண்ணு குடுத்தது கூடத் தப்பில்ல, சோறு போட்டதுதான் தண்டம்" என்று பிளம்பர் கேலி செய்வான். "நான் குண்டானா உங்களுக்குத்தான் கஷ்டம். தொட்டிக்குள்ள அப்புறம் நீங்கதான் இறங்கணும்" என்று அவனும் விடமாட்டான்.

தங்கைக்குக் கல்யாணமாகி, போகாத டாக்டர் இல்லை என்றாகி, இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது. நாளும் நெருங்கிவிட்டது. காலையில் கிளம்பும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். "அண்ணா, இவரைப் பத்திரமா கூட்டிட்டு வந்துடு. நான்தான் அப்பா முகம் தெரியாம வளந்தேன். இதுக்கும் அப்படி ஆகிடக் கூடாது." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

அவர்களுடைய அப்பாவும் பிளம்பர்தான். தங்கை அம்மா வயிற்றில் இருந்தபோது ஒருநாள் வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. கூலியை வாங்கிக்கொண்டு எவளோடோ ஓடிவிட்டார் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஓடிப்போனவன் மகன் என்ற பட்டத்தைச் சுமந்துகொண்டே பள்ளிக்கூடம் போய், அதைச் சுமந்துகொண்டே தொழிலுக்கும் வந்தவன் பிளம்பர். அம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் குறிப்பிட்ட ஒரு தெரு வழியாக மட்டும் அவள் போகமாட்டாள். எவ்வளவு அவசரமானாலும் சுற்றிக்கொண்டு போவாள். கேட்டால், "அங்க நாய்த் தொல்லை" என்பாள்.

இன்றைக்கு அந்தத் தெருவில்தான் வேலை. தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

அப்பா விட்டுப்போன சொத்து ஒன்றே ஒன்று. குழாய்த் தட்டு. மாடித் தொட்டியில் ஒருவன் நிற்பான், கீழே ஒருவன் வேலை செய்வான். நடுவில் ஓடும் இரும்புக் குழாயில் ஸ்பானரால் தட்டினால் சத்தம் அந்தக் கோடிவரை போகும். ஒரு தட்டு என்றால், இருக்கிறாயா? பதிலுக்கு ஒரு தட்டு என்றால், இருக்கிறேன். இரண்டு தட்டு, திற. மூன்று தட்டு, மூடு. பிளம்பர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா அவனை மடியில் உட்காரவைத்து, கையில் ஸ்பானரைக் கொடுத்து, அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துத் தட்டப் பழக்கினார். பிள்ளைக்கு எழுத்துப் பழக்குவதுபோல. அப்பாவின் முகம் அவனுக்கு மறந்துபோய்விட்டது. கை மறக்கவில்லை. ஆள்காட்டி விரலின் நுனி இல்லாத கை. குழாய்க்கு மரை போடும்போது கருவி தின்றுவிட்ட விரல்.

"வாய் பொய் சொல்லும்டா. குழாய் பொய் சொல்லாது" என்று அவர் சொன்னது மட்டும் காதில் நின்றிருந்தது.

அம்மாவுக்கும் அந்தப் பழக்கத்தில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் பாத்திரம் கழுவ வரும்போது, குழாயைத் திறப்பதற்கு முன் கரண்டியால் அதன்மேல் ஒரு தட்டுத் தட்டுவாள். தட்டிவிட்டுக் கொஞ்சம் நிற்பாள். பிறகுதான் திறப்பாள். காத்து அடைச்சிருக்கும், அதான், என்பாள்.

வீட்டுக்காரம்மா ரேடியோ அறையிலிருந்து வெளியே வந்தாள். தலை நரைத்தவள், புருஷனும் போய்த் தனிக்கட்டை. வீட்டை ஒரு பல் டாக்டருக்கு விற்றாகிவிட்டது. சாவி கொடுக்கும்வரை அந்த உள்ளறையில் இருக்கிறாள். எல்லாக் குழாயிலும் தண்ணீர் வந்தால்தான் குடிவருவேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"எதை வேணும்னாலும் கழட்டுங்க, மாட்டுங்க. குழாயில மட்டும் தட்டாதீங்க."

"ஏங்கம்மா?"

"பழைய குழாய். தாங்காது."

அவள் உள்ளே போனதும் ரேடியோவின் சத்தம் இன்னும் கூடியது. "தட்டாம பிளம்பிங்கா? பல் டாக்டர்கிட்ட வாயைத் திறக்காமப் பல்லைப் பிடுங்கச் சொல்ற மாதிரி இருக்கு" என்றான் ஊசி.

முதல் நாள் வேலை ஒழுங்காக முடிந்தது. மறுநாள் ஒரு குழாய் மட்டும் கணக்கில் இடித்தது. மாடித் தொட்டி காரை பூசிய பெரிய தொட்டி, ஒரு சின்ன அறை அளவு இருக்கும். முதல் நாளே அதை நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்த்திருந்தார்கள். அதிலிருந்து புறப்பட்ட தடித்த இரும்புக் குழாய் ஒன்று சுவரோடு இறங்கி, அடுப்படித் தரைக்குள் புகுந்து காணாமல் போனது.

பிளம்பர் மாடியில் வால்வு பக்கம் நின்று, பழக்க தோஷத்தில் ஸ்பானரை எடுத்து அந்தக் குழாயில் ஒரு தட்டுத் தட்டினான்.

அடியிலிருந்து பதில் வந்தது.

ஒரு தட்டு.

அவன் இறங்கி வந்தபோது அடுப்படியில் யாரும் இல்லை. ஊசி தெருக்கோடியிலிருந்து டீயை உறிஞ்சிக்கொண்டு வந்தான்.

"நீ தட்டினியா மாப்ள?"

"எதை?"

"குழாயை."

"நான் டீக்கடையில இருந்தேன் மச்சான். அங்க எந்தக் குழாய் இருக்கு?"

அடைபட்ட குழாய், நம்ம சத்தமே அடியில் மோதித் திரும்பியிருக்கும். பிளம்பர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தொழில் தெரிந்தவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

அடுப்படித் தரையை உளியால் கொத்தினார்கள். மேலே பூசிய சிமெண்ட் ஒரு கை கனம். அதன் அடியில் சதுரமான ஓர் இரும்பு மூடி. கடப்பாரையை விட்டு நெம்பியதும் குளிர்ந்த காற்று ஒன்று மூச்சுவிடுவதுபோல் வெளியே வந்தது. சேற்று வாடை. அதற்குள் இன்னொரு வாடை. என்னவென்று இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை.

கீழே ஒரு நிலத்தடித் தொட்டி. குந்தி உட்காரத்தான் உயரம். தரையில் கறுப்பு வண்டல் காய்ந்தும் காயாமலும் கிடந்தது. குழாயின் வாய் அந்தக் கோடி மூலையில் தெரிந்தது. அதில் எதையோ திணித்து அடைத்திருந்தது.

"அடைப்பை எடுக்காம மேல திறந்தா, குழாய் சுவருக்குள்ள வெடிச்சிடும்" என்றான் பிளம்பர். "நீ போய் எடு. எடுத்துட்டு வெளிய வா. வந்து, இந்த அடுப்படிக் குழாயில ரெண்டு தட்டு. அப்புறந்தான் திறப்பேன். போன் வச்சிருக்கியா?"

"போன் கைநழுவினா வண்டல்ல போயிடும். ஸ்பானர் நழுவினா சத்தமாச்சும் வரும்." ஊசி சட்டையைச் செருகிக்கொண்டான். "ஆழம் தெரியாமக் காலை விடாதேன்னு சொல்வாங்க. இதுல ஆழமே இல்ல, தலையைத்தான் விடணும்."

அவன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தவழ்ந்து போவதைப் பார்த்துவிட்டுப் பிளம்பர் மாடி ஏறினான்.

மாடியில் வெயில் கொளுத்தியது. வால்வுச் சக்கரத்தின் மேல் கையை வைத்துக் காத்திருந்தான். கீழே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

இரண்டு தட்டு.

தெளிவாக, நிதானமாக. ஸ்பானர் இரும்பில் படும் சத்தம்தான். இருந்தாலும் இவ்வளவு சீக்கிரம் வெளியே வந்துவிட்டானா என்று ஒரு சந்தேகம். அப்பா சொல்லிக்கொடுத்தபடி ஒரு தட்டுத் தட்டினான். இருக்கிறாயா?

ஒரு தட்டு வந்தது. இருக்கிறேன்.

பின்னாலேயே மறுபடியும் இரண்டு.

கைப்பிடிச் சுவருக்குப் போய், "மாப்ள, வெளிய வந்துட்டியா?" என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். வேறு எந்தப் பிளம்பரும் கொடுத்திருப்பான். இவன் கொடுக்கவில்லை. வாய்தானே பொய் சொல்லும்.

சக்கரத்தைத் திருகினான். தொட்டித் தண்ணீர் ஓவென்று குழாய்க்குள் இறங்கியது.

மூன்று தட்டு.

மூன்று. மூன்று. மூன்று.

இந்த முறை நிதானம் இல்லை. வெறிபிடித்த தட்டு.

அவன் சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருகினான். பழைய தண்டு உள்ளே முறிந்துவிட்டது. சக்கரம் கையோடு சும்மா சுற்றியது. சுற்றச் சுற்றத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. படிகளில் விழுந்து எழுந்து ஓடினான்.

ஓடும்போதே ஒன்று காதில் உறைத்தது. ரேடியோ நின்றிருந்தது.

அடுப்படித் தரையின் சதுர வாயில் கறுத்த தண்ணீர் விளிம்புவரை வந்து நின்று சுழன்றது. டார்ச் வெளிச்சம் எங்கும் இல்லை.

"மாப்ள!"

தரையில் குப்புறப் படுத்துத் தோள்வரை கையை உள்ளே விட்டான். துழாவினான். வண்டல், வண்டல், வெறும் தண்ணீர்.

ஒரு கை அவன் கையைப் பிடித்தது.

"விடாத! பிடிச்சுக்கோ! விடாத!" கத்திக்கொண்டே இழுத்தான். வரவில்லை. வீடே அந்தக் கையில் தொங்குவதுபோல் கனத்தது. பல்லைக் கடித்து மறுபடியும் இழுத்தான்.

அப்போது மூலைப் பக்கமிருந்து சத்தம் வந்தது. தண்ணீருக்குள் மங்கி, பலமில்லாமல்.

மூன்று தட்டு.

ஊசி அந்தக் கோடியில் இருக்கிறான்.

அப்படியானால் இந்தக் கை?

அது இழுக்கவில்லை. அமுக்கவும் இல்லை. பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தது. விரல்கள் அவன் புறங்கை மேல் ஒவ்வொன்றாக ஊர்ந்து, இடம் பார்த்துப் படிந்தன. ஒரு காலத்தில் பழகிய இடம். நாலு விரல் முழுசு.

ஒன்று மொட்டை.

"அப்பா," என்றான். சொன்னது அவன்தான் என்பதே அவனுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

பிடி இறுகியது.

மூலையில் தட்டு நின்றுவிட்டது.

தங்கை வயிற்றின் மேல் வைத்த கை கண்முன் வந்தது. அவன் மற்றக் கையையும் உள்ளே விட்டு, தன்னைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். பெருவிரல், சின்னவிரல், நடுவிரல்கள் இரண்டு. கடைசியாக அந்த மொட்டை விரல். அது போகமாட்டேன் என்றது. அழுதுகொண்டே அதையும் பிரித்தெறிந்துவிட்டு, தலைகுப்புறத் தண்ணீருக்குள் பாய்ந்தான்.

ஊசியின் கணுக்கால் அகப்பட்டது. இழுத்து வந்து தரையில் போட்டு, முதுகில் அறைந்து, நெஞ்சை அமுக்கி, அவன் வாயிலிருந்து கறுப்புத் தண்ணீர் கொட்டி முதல் இருமல் வரும்வரை பிளம்பர் மூச்சு விட்டதாகவே நினைவில்லை.

ஊசியின் கை முஷ்டிக்குள் ஒரு துணி இருந்தது. குழாய் வாயிலிருந்து பிடுங்கிய அடைப்பு. மக்கிப்போன சட்டை ஒன்று.

"ஏன்டா தட்டினே? வெளிய வந்து தட்டச் சொன்னேன்ல?"

"நான் தட்டல மச்சான்." மறுபடியும் இருமினான். "துணியை உருவிட்டுத் திரும்பறேன். பின்னாடி யாரோ உட்கார்ந்தாங்க. ஸ்பானர் பிடிச்ச கை மேல ஒரு கையை வச்சாங்க. வச்சு... என் கையாலயே தட்டினாங்க. சின்னப் புள்ளைக்கு எழுதப் பழக்கற மாதிரி. மெதுவா. ஆசையா."

அடுப்படி வாசலில் வீட்டுக்காரம்மா நின்றிருந்தாள்.

"என் கல்யாணத்துக்கு முந்தின நாள்," என்றாள், யாரும் கேட்காமலே. "சமையலுக்குத் தண்ணி வேணும்னு அவசரம். ரெண்டு தட்டினா திறக்கணும்னு அந்த ஆளு எங்க அப்பாகிட்ட சொல்லிட்டுத்தான் உள்ள போனாரு. தட்டறதுக்கு முன்னாடியே அப்பா திறந்துட்டாரு. வந்து பாத்தா உள்ள தண்ணி ஏறிக் கிடக்கு, கூப்பிட்டா பதில் இல்ல. ஆளு போயிட்டான்னு நினைச்சுட்டாரு. சாவு விழுந்த வீடுன்னு தெரிஞ்சா கல்யாணம் நிக்கும்னு, அன்னிக்கே மூடி, சிமெண்ட் பூசினாங்க."

"நினைச்சுட்டாருன்னா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"கல்யாணம் முடியற வரைக்கும் சத்தம் கேட்டுச்சு. சட்டையைக் கழட்டித் தண்ணியை அடைச்சிருக்காரு போல. ஒரு தட்டு. கொஞ்சம் விட்டு, இன்னொரு தட்டு. குழாயில காத்துன்னு அப்பா சொன்னாரு. அன்னிக்கு ரேடியோ வச்சவதான் நான்."

ஒரு தட்டு. இருக்கிறாயா? ஒரு வீடு நிறையக் கல்யாண ஜனம் இருந்தும் பதிலுக்குத் தட்ட ஒருவரும் இல்லை.

தண்ணீரை இறைத்து, வண்டலை அள்ளி, போலீஸ்காரர்கள் முன்னிலையில் எலும்புகளைச் சேகரித்தார்கள். துருப்பிடித்த ஸ்பானரும் கிடைத்தது. ஒரு முழு ஆளுக்கு வேண்டிய எல்லாமும் துணியில் வரிசையாக வந்து சேர்ந்தன. வலது மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் ஒன்றும் இல்லை. வண்டலை இரண்டு முறை சல்லடையில் அலசியும் கிடைக்கவில்லை. எலி தின்றிருக்கும் என்றார் ஒருவர். மூடிய தொட்டிக்குள் எலி எப்படி வரும் என்று யாரும் கேட்கவில்லை.

அம்மா அழவில்லை. அடக்கம் முடிந்து வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள், "உங்கப்பா ஓடலைடா. ஊருக்குப் போய்ச் சொல்லு," என்றாள். பிறகு, "அவரு வராதப்போ அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டேன். வேலையை முடிச்சு, கூலி வாங்கிட்டுப் போயாச்சேன்னாங்க. நான் கேட்டுட்டு நின்னது அந்த அடுப்படி வாசல்லதான்," என்றாள்.

அதன்பிறகு வீட்டில் எல்லாம் வழக்கம்போல் நடந்தது. தங்கைக்கு நல்லபடியாக ஆண் குழந்தை பிறந்தது. ஊசி மறுபடியும் வாயடிக்க ஆரம்பித்தான். ஆனால் எந்தத் தொட்டியிலும் இறங்கவில்லை. தூங்கும்போது வலது கையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்துக்கொண்டான்.

ஒரு சாயங்காலம் அம்மா பாத்திரங்களோடு குழாயடிக்கு வந்தாள். பிளம்பர் பக்கத்தில் உட்கார்ந்து கைகால் கழுவக் காத்திருந்தான். உள்ளே குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. அம்மா கரண்டியை எடுத்தாள். குழாயின் மேல் ஒரு தட்டுத் தட்டினாள். நின்றாள்.

ஒரு தட்டு வந்தது.

பிளம்பர் குழாயைப் பார்த்தான். இந்த வீட்டுக் குழாய்கள் அத்தனையும் பிளாஸ்டிக். போன வருஷம் அவனே மாற்றியவை. பிளாஸ்டிக்கில் தட்டு போகாது.

அம்மாவின் முகத்தில், அவன் பிறந்ததிலிருந்து பார்த்திராத ஒரு சிரிப்பு வந்தது.

இரண்டு தட்டு.

"அம்மா, வேணாம்."

"உங்கப்பாடா," என்றாள் ரகசியமாக. "எவ்வளவு நாளாக் கூப்பிட்டுட்டு இருக்கேன்." அவள் கை குழாய்த் திருகுக்குப் போனது.

அவன் பாய்ந்து அவள் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்திப் பிடித்தான். திருக விடவில்லை. உள்ளே குழந்தையின் சிணுங்கல் சட்டென்று நின்றது. சேற்று வாடை அடித்தது.

அவன் கையின் மேல் இன்னொரு கை வந்து படிந்தது.

ஈரமாக. ஒவ்வொரு விரலாக, இடம் பார்த்து. நாலு விரல் முழுசு.

பிள்ளைக்கு எழுத்துப் பழக்குவதுபோல், மெதுவாக, ஆசையாக, அந்தக் கை குழாயைத் திறக்க ஆரம்பித்தது.